ஏற்காடு குளிருக்குத் தடித்த கையுறை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கார்த்திகை பிறந்தால் சேலத்தின் சாலையோரங்களில் கம்பளிக் கடைகள் வந்துவிடும். ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா இவற்றுக்கு நடுவே ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த ரெக்ஸின் கையுறைகளும் தொங்கும். விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து வண்டியில் மலையேறுகிறவர்கள், காப்பிப் பழம் எடுக்கப் போகிறவர்கள், சேர்வராயன் கோயில் பக்கம் நடக்கிறவர்கள், பறவை பார்க்க வருகிறவர்கள் எனப் பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள். தடித்திருந்தால் கதகதப்பாக இருக்கும் என்ற எண்ணம்தான் காரணம். நம் மலைக்கு அது சரிப்படாது. மெல்லியதாக, கையோடு படிந்ததாக, காற்றையும் ஈரத்தையும் தடுப்பதாக உள்ள கையுறையே இங்கே தேவை. வாங்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இங்குள்ள குளிர் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி வெப்பம் குறையும். கீழே 18, 19 டிகிரி இருக்கிற மார்கழி விடியலில் மேலே 10, 11 டிகிரி வரை இறங்கும். இது தண்ணீர் உறையும் குளிர் அல்ல. ஆனால் 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அடித்தால் உடம்புக்கு அது 6 டிகிரி போலத்தான் தெரியும். அதோடு மூடுபனி, வடகிழக்குப் பருவமழையின் தூறல், இலையில் நிற்கும் பனி எல்லாம் சேர்ந்து கையுறையை நனைத்துவிடும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே இங்கே விரலை விறைக்க வைப்பவை காற்றும் ஈரமும்தான். இந்த இரண்டையும் தடுத்துவிட்டால் உள்ளே ஒரு மெல்லிய கம்பளி போதும்.

கையுறை தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் நம் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. விரல் ஒல்லியான உருளை என்பதால் அதன்மேல் துணியின் தடிமனைக் கூட்டக் கூட வெளிப்பரப்பும் கூடிக்கொண்டே போகும்; சூடு வெளியேற இடமும் அதிகமாகும். அதனால் முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தருகிற பலனை அடுத்த இரண்டு மூன்று மில்லிமீட்டர் தராது. வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடிக்கும்போதோ ஸ்பாஞ்ச் நசுங்கி, உள்ளங்கைப் பக்கம் காற்றே இல்லாமல் போகிறது. விரலுக்கு இடையே ஸ்பாஞ்ச் அடைத்துக்கொள்வதால் விரல்கள் விரிந்து நிற்கும், ரத்த ஓட்டமும் தடைபடும். கையுறை தடியாக இருந்தும் விரல்நுனி மரத்துப்போவது இதனால்தான்.

உடம்பு குளிர்ந்தால் அது முதலில் கைக்கும் காலுக்கும் போகிற ரத்தத்தைக் குறைத்து நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றும். ஒற்றைச் சட்டையோடு வண்டியேறி, எவ்வளவு விலை கொடுத்துக் கையுறை வாங்கிப் போட்டாலும் விரல் சில்லிட்டுத்தான் இருக்கும். கழுத்தையும் நெஞ்சையும் முதலில் மூடுங்கள். மணிக்கட்டில் நாடி பார்க்கும் இடத்தில் ரத்தக்குழாய் தோலுக்கு மிக அருகே ஓடுகிறது. அந்த இடம் திறந்திருந்தால் விரலுக்குப் போகும் ரத்தம் வழியிலேயே குளிர்ந்துவிடும். கையுறையின் பட்டி மணிக்கட்டைத் தாண்டி ஐந்து சென்டிமீட்டராவது ஏறி, ஜாக்கெட்டின் கைக்குள் அடங்க வேண்டும். இன்னொன்று, கை சூடாக இருக்கும்போதே, அதாவது அடிவாரத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும். பாதி மலையில் விரல் விறைத்த பிறகு போட்டால், உள்ளே தேக்கி வைக்கச் சூடே இருக்காது.

துணியைப் பொறுத்தவரை என் முதல் தேர்வு மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளி. அதன் இழை 17 முதல் 19 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை மெலிந்தது என்பதால் சாதாரணக் கம்பளி போல அரிக்காது. தன் எடையில் சுமார் 30 விழுக்காடு ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொண்டும் நனைந்த உணர்வைத் தராது. சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் எடையுள்ள பின்னல் நம் மலைக்குத் தாராளம். அடுத்தது பாலியஸ்டர் ஃபிளீஸ்; 100 கிராம் ரகம் மெல்லியது, விலை குறைவு, விரைவில் காயும், ஆனால் காற்று அப்படியே ஊடுருவிப் போகும். அக்ரிலிக் பின்னலைத்தான் பல கடைகளில் உல்லன் என்று விற்கிறார்கள். அதிலும் கதகதப்பு உண்டு என்றாலும் நனைந்தால் கம்பளிக்கு ஈடாகாது. பட்டுப் பின்னல் உள்ளுறை மிக மெல்லியது, கதகதப்பானது. வெண்பட்டுக்குப் பெயர்போன சேலத்தில் அதைப் பின்னி விற்பவர்கள் அதிகம் இல்லையே என்ற குறை எனக்கு உண்டு. தவிர்க்க வேண்டியது பருத்தி. அணிவகுப்பில் போடுகிற வெள்ளைப் பனியன் துணிக் கையுறை மலிவுதான். ஆனால் பருத்தி நனைந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், இழைகளுக்கு நடுவிலிருந்த காற்று போய்த் தண்ணீர் நின்றுவிடும், லேசில் காயாது. பனியில் ஈரப் பருத்தியைவிட வெறுங்கை மேல்.

கடையிலேயே இரண்டு சோதனைகள் செய்து பார்க்கலாம். கையுறையின் புறங்கைப் பக்கத்தை வாயோடு அழுத்தி வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த விரலில் மூச்சு பட்டால் வண்டிக் காற்றும் அப்படியே நுழையும். உள்ளே காற்றுத்தடுப்புப் படலம் வைத்த துணியாக இருந்தால் மூச்சு கடக்காது. இரண்டாவது, கம்பளி என்று சொல்லி விற்றால் ஓரத்தில் தொங்கும் ஓர் இழையைக் கேட்டு வாங்கித் தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகிய வாடை வரும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக்கோ பாலியஸ்டரோ என்றால் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு நூலில் இரண்டும் தெரியும். கடைக்காரர் இழை தர மறுத்தால் உள்ளே தைத்திருக்கும் சீட்டில் கம்பளி எத்தனை விழுக்காடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டே இல்லாத சரக்குக்குக் கம்பளி விலை கொடுக்க வேண்டாம்.

இங்கே பலர் கோட்டை விடுவது அளவில்தான். கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளை ஒட்டி உள்ளங்கையைச் சுற்றி டேப்பால் அளக்க வேண்டும். எத்தனை அங்குலமோ அதுவே கையுறை எண். 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர் என்றால் எண் 7; 203 என்றால் 8; 229 என்றால் 9; 254 என்றால் 10. பிறகு மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை நீளம் பாருங்கள்: எண் 7-க்கு 171, எண் 8-க்கு 182, எண் 9-க்கு 192 மில்லிமீட்டர். போட்டுப் பார்க்கும்போது விரல் இடுக்கில் துணி நன்றாகப் படிய வேண்டும், நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் காலியாக இருக்கலாம். முட்டி மடக்கினால் புறங்கையில் இறுகக் கூடாது. தரையில் கிடக்கும் ஒரு ரூபாய் நாணயத்தை எடுக்க முடிகிறதா, சட்டைப் பித்தானைப் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது மெல்லிய கையுறை என்ற பெயருக்கே லாயக்கில்லை. உள்ளே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு போடுவதாக இருந்தால் மேலுறையை ஓர் எண் கூட்டி வாங்குங்கள்.

இனி இருசக்கர வண்டிக்காரர்களுக்கு. அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இறங்கும்போது வளைவுக்கு வளைவு இரண்டு விரல்களால் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வர வேண்டியிருக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. ஸ்பாஞ்ச் கையுறைக்குள் பிரேக் பிடி தட்டுப்படவில்லை என்று கால் நொடி தாமதித்தாலும் 9 அடி கூடுதலாகப் போய்விடுவோம். வளைவில் அந்த 9 அடி மிகப் பெரிது. ரெக்ஸினில் பனி பட்டால் பிடியும் வழுக்கும்.

அதே நேரம், வெறும் கம்பளிக் கையுறையோடு ஓட்டுவதும் தவறு. விழுந்தால் முதலில் தரையில் ஊன்றுவது உள்ளங்கைதான், பின்னல் துணி ஒரு நொடிகூடத் தாங்காது. உள்ளங்கையில் தோல் வைத்த ரைடிங் கையுறை கட்டாயம் வேண்டும். சேலத்து வெயிலுக்கு வாங்கிய வலைத்துணி ரைடிங் கையுறை பலரிடமும் இருக்கும். அதையே மலைக்கும் பயன்படுத்தலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய நைட்ரைல் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கையுறையை முதலில் போட்டு, அதன்மேல் வலைத்துணிக் கையுறையைப் போடுங்கள். தடிமன் அதிகமாகாது, காற்று ஒரு பொட்டும் நுழையாது, பிரேக் பிடி விரலில் நன்றாகத் தெரியும். இதிலுள்ள குறை வியர்வை. முக்கால் மணி நேரத்தில் உள்ளே நனைந்துவிடும். மேலே போய்ச் சேர்ந்ததும் கழற்றிக் கையைத் துடைத்து உலரவிட வேண்டும். இறங்கும்போது புதிதாக ஒரு ஜோடி போட வேண்டும். ரைடிங் கையுறையில் இடம் இருந்தால் தோலை ஒட்டி மெல்லிய மெரினோ, அதன்மேல் நைட்ரைல், வெளியே வலைத்துணி என்று போடுவது இன்னும் நல்லது. ஆனால் மூன்றும் சேர்ந்து இறுக்கினால் மெரினோவை விட்டுவிடுங்கள், இறுக்கம் குளிரைவிட மோசம். கைக்குமேல் பாலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறோம். பை காற்றைத் தடுக்கும் என்பது உண்மை, ஆனால் பிரேக் பிடியில் வழுக்கும், திருகும்போது சிக்கும். பையை வெளியே கட்டாதீர்கள். தினமும் பால், பேப்பர் ஏற்றிச் செல்கிறவர்கள் கைப்பிடிக்கு முன்னால் காற்றுத் தடுப்பு ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்ல முதலீடு. காற்று நேரே விரலில் அடிக்காவிட்டால் கையுறையை இன்னும் மெல்லியதாக்கலாம். வாங்கும்போது வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி, கையுறையோடு பிரேக், கிளட்ச், ஹாரன், இண்டிகேட்டர் நான்கையும் இயக்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

காப்பித் தோட்டத்து வேலைக்குத் தேவை வேறு. சேர்வராயன் மலையில் பழம் எடுப்பு நவம்பரில் தொடங்கிப் பனிக்காலம் முழுக்க நடக்கும். பழுத்ததை மட்டும் விரலால் தேர்ந்து கிள்ளி எடுக்க வேண்டும், காயைத் தொடக் கூடாது. விடியலில் இலையெல்லாம் பனி, பழத்தின் பிசின் வேறு. கம்பளியோ பனியன் துணியோ போட்டால் முதல் பத்துச் செடிக்குள் சொட்டச் சொட்ட நனைந்துவிடும். அதனால்தான் பல பெண்கள் வெறுங்கையோடு எடுக்கிறார்கள். இதற்கு ஏற்றது சேஃப்டி சாமான் கடைகளில் கிடைக்கும் நைலான் பின்னல் கையுறை. உள்ளங்கையிலும் விரலிலும் நைட்ரைல் பூசியது. அதில் கேஜ் என்று ஓர் எண் உண்டு, ஓர் அங்குலத்தில் எத்தனை ஊசி என்ற கணக்கு அது. எண் ஏற ஏறப் பின்னல் மெலியும். 7 கேஜ் முரட்டுத் தடிமன், 13 நடுத்தரம், 15-உம் 18-உம் மெல்லியவை. பழம் எடுக்க 15 கேஜ் கேளுங்கள். பூச்சு உள்ளங்கையோடு நிற்காமல் விரல் முட்டிவரை மேலேறி இருக்க வேண்டும், ஏனென்றால் இலை உரசுவது விரலின் மேல்பக்கத்தில்தான். பூச்சு வழவழவென்று இல்லாமல் சொரசொரப்பாக இருந்தால் ஈரத்தில் பிடிப்பு கிடைக்கும்.

விரல்நுனி தெரிந்தால்தான் பழம் வசப்படும் என்பவர்கள் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றுக்கும் முதல் கணு வரை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். வெட்டிய ஓரத்தைச் சுற்றித் தைக்காவிட்டால் பின்னல் பிரிந்துகொண்டே போகும். ஒரு நாளைக்கு இரண்டு ஜோடி வேண்டும்: இலையில் பனி காயும்வரை ஒன்று, வெயில் ஏறியதும் காய்ந்த மற்றொன்று. பொங்கலுக்குப் பிறகு சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறிக்கிறவர்கள் விரல் வெட்டாத கையுறையையே போட வேண்டும். ஏணியில் பிடி நழுவுவது உயிர் விஷயம்.

சேஃப்டி கடைக் கையுறையில் நட்சத்திரம் போன்ற பனிப்படிகப் படமும் இஎன் 511 (EN 511) என்ற ஐரோப்பியத் தரக் குறியீடும் இருந்தால் அது குளிருக்குச் சோதித்தது. கீழே மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் காற்றுக் குளிர், இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடும்போது வரும் குளிர். இவை இரண்டும் 0 முதல் 4 வரை. மூன்றாவது தண்ணீர், 1 என்றால் உள்ளே இறங்காது, 0 என்றால் இறங்கும். நம் மலைக்கு முதல் இரண்டில் 1 இருந்தாலே தாராளம், மூன்றாவது 1 ஆக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சுத்தியல் படம் போட்ட இஎன் 388 என்பது தேய்மானம், வெட்டு, கிழிசலுக்கு. குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நடக்கிறவர்களுக்கும் கேமரா, பைனாகுலர் பிடிக்கிறவர்களுக்கும் மெல்லிய மெரினோ ஒன்றே போதும். காற்றடிக்கும் முகட்டுக்குப் போனால் பையில் வைத்திருக்கும் மெல்லிய காற்றுத்தடுப்பு மேலுறையை மாட்டிக்கொள்ளலாம். செல்போன் திரையைத் தொடும் விரல்நுனியில் வெள்ளியோ செம்போ பூசிய நூல் கலந்திருக்கும், துவைக்கத் துவைக்க அந்தப் பூச்சு உதிர்ந்து வேலை செய்யாது. அந்த வசதிக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

கம்பளியைக் கைச்சூட்டுத் தண்ணீரில் ஷாம்பூ போட்டு அலசினால் போதும். என்சைம் கலந்த சோப்புத்தூள் கம்பளி இழையையே அரித்துவிடும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி, நிழலில் பரப்பிக் காயப்போடுங்கள். ஃபிளீஸுக்குத் துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், அது இழையில் படிந்து வியர்வையை வெளியேற விடாது. நைட்ரைல் பூச்சு வெயிலில் கிடந்தால் வெடிக்கும். தோல் வைத்த கையுறையை அடுப்பருகே காய வைத்தால் சுருங்கி விறைத்துவிடும்.

விறைத்த கையை நேராக நெருப்பில் காட்டும் பழக்கத்தை விட வேண்டும். குளிரும் ஈரமும் சேர்ந்த கையைத் திடீரென்று சூடாக்கினால் விரல் சிவந்து வீங்கி அரிக்கும், சிலருக்குப் புண்ணாகும். அக்குளில் வைத்து மெல்லச் சூடேற்றுங்கள். சர்க்கரை நோயால் விரலில் உணர்ச்சி குறைந்தவர்கள் நெருப்பருகே கையைக் கொண்டுபோகவே கூடாது. சாதாரணக் குளிருக்கே விரல் வெள்ளையாகி, பிறகு நீலமாகிறது என்றால் கையுறையை மாற்றிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக இரண்டு கோரிக்கைகள். சேலத்தில் கையுறை விற்கும் கடைக்காரர்கள் 9, 10 எண்களை மட்டும் அடுக்கி வைக்காமல் 6, 7, 8 எண்களையும் வாங்கி வைக்க வேண்டும். மலையில் பழம் எடுக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் கைக்கு 10-ஆம் எண் கையுறையைக் கொடுத்தால் நுனியில் தொங்கும் துணி கிளையில் மாட்டும், அரைமணியில் கழற்றி இடுப்பில் செருகிவிடுவார்கள். தோட்ட உரிமையாளர்கள் பழம் எடுப்பு தொடங்கும் முன்பே ஆட்களின் கையை டேப்பால் அளந்து, எண் குறித்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு ஜோடி 15 கேஜ் கையுறை வாங்கித் தர வேண்டும். பூச்சு தேய்ந்து நூல் தெரிந்தால் மாற்றித் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஏற்காடு அடிவாரம், சேலம்.